அகவணக்கத்தில் ஒரு குரல்

பயந்தவள் என்று என்னை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. வாய்க்காரி என்பார்கள், எடுத்தெறிந்து கதைக்கிறவள் என்பார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மே பதினெட்டாம் திகதிக்குப் பிறகு, தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் அடித்து ஓயும்வரை விட்டுவிடுகிறேன். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்கள் வானொலி திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. அங்கே தொழில்நுட்பப் பகுதியைப் பார்க்கிறவள் நான், நிரோஜினி. பகுதி என்றால் நான் ஒருத்திதான். முந்தி ஒவ்வொரு மைக்கிலிருந்தும் ஒவ்வொரு வயர் வரும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் குரல் எங்கே போகிறது என்று கண்ணால் காணலாம். இப்போது இரண்டு கலையகங்களின் மைக்குகள், பாட்டுக் கணினி, செய்தி அறை எல்லாம் ஒரே நெற்வேர்க்கில் கிடக்கின்றன. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இலக்கம். எந்தப் பெட்டி எந்த இலக்கத்தைக் கேட்கவேண்டும், அதை எங்கே அனுப்பவேண்டும் என்று நான் கணினியில் சொல்லிவைக்கவேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் அறைக்குள் கதைத்தது ஊருக்குக் கேட்கும். வயர் எல்லாம் அப்படியேதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான்.

இதற்குள் ஒரு காவல்காரனும் இருக்கிறான். ஆள் இல்லை, ஒரு பெட்டி செய்கிற வேலை. நாங்கள் அப்படிக் கூப்பிடுகிறோம். முதலாம் கலையகத்திலிருந்து வானலைக்குப் போகும் சத்தத்தை அவன் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பான். இருபது நொடி சத்தமே இல்லாவிட்டால், ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து, பட்டியலில் அடுத்ததாக இருக்கும் சத்தத்தைத் தானாகவே எடுத்துப் போட்டுவிடுவான். முதலாம் கலையகத்தில் திரும்பச் சத்தம் வந்தால் அந்த நொடியே பழைய இடத்துக்கு வந்துவிடுவான். வானொலி ஊமையாகக் கிடக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் அவன் செய்த காரியத்தை யாழ்ப்பாணம் முழுக்கக் கேட்டது. மூன்று நிமிட அகவணக்கத்துக்காகக் கலையகத்தில் எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். இருபது நொடியில் காவல்காரன் பாட்டுக் கணினியைத் திறந்துவிட்டான். கல்யாண வீட்டில் போடுகிற ஒரு குத்துப்பாட்டு. முகாமையாளர் செல்வரட்ணம் சேர் ஒரு கிழமை போனை எடுக்கவில்லை. இந்த வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து என் மேசைக்கு நாள் தவறாமல் வந்தார்.

"நிரோஜினி, பாட்டு வரக்கூடாது. உலகம் அழிஞ்சாலும் வரக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது சேர். பட்டியலிலை இருந்து பாட்டுக் கணினியைத் தூக்கிப்போட்டன்."

தூக்கிப்போட்டதும் பட்டியலில் மிஞ்சியது இரண்டாம் கலையகத்தின் மைக் மட்டும். முதலாம் கலையகம் படுத்துவிட்டால் இரண்டாவதில் ஓர் அறிவிப்பாளர் இருந்து சமாளிக்கட்டும் என்று எப்போதோ போட்ட ஒழுங்கு அது. அதனால் என்ன, அன்றைக்குக் காலையில் காவல்காரனையே நிறுத்திவிடப் போகிறேனே என்று இருந்தேன். நிறுத்தியும் விட்டேன். ஆனால் அதை நிரந்தரமாகப் பதியவில்லை. பின்னேரம் திரும்பப் போட நான் மறந்துபோனாலும், பெட்டியை ஒருமுறை நிறுத்தி மறுபடி போட்டால் அவன் தானாகவே வேலைக்கு வந்துவிடுவான் அல்லவா. அப்படி யோசித்துச் செய்ததில் எனக்குப் பெருமை வேறு.

அன்றைக்குத்தான் இராசமலர் அக்கா வந்தா.

அவவைக் கூட்டி வந்தது ஷெரோன். பெண்கள் நிகழ்ச்சி செய்கிறவள், குருநகர்ப் பிள்ளை, என்னோடு ஒட்டு. இராசமலர் அக்கா கோப்பாயில் தோட்டம் செய்கிறவ. புருஷன் இல்லை, கஜந்தினி என்று உயர்தரம் படிக்கிற ஒரே மகள். அவவின் வீட்டுக்குப் போகிற சின்னத் தெருவான ஒழுங்கையில் சில பெடியள் ஐஸ் என்கிற போதைத்தூளை விற்கிறார்கள். அதைத் தட்டிக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெடியனை மாசியில் ஒருநாள் விடியப்புறம் வாளால் வெட்டிப்போட்டார்கள். வெட்டினவர்களை இராசமலர் அக்கா கண்ணால் கண்டா. பொலிசுக்குப் போனால் பெயர் எழுதவேண்டும், பெயர் எழுதினால் ஊருக்குத் தெரியும். வானொலியில் சொல்லலாம், குரலை மாற்றிப் போடுவோம் என்று ஷெரோன் மூன்று மாதம் கெஞ்சி இந்த நாளுக்குச் சம்மதிக்க வைத்திருந்தாள். நினைவு நாளில் ஊரில் பாதி விளக்கேற்றப் போயிருக்கும், மிச்சம் வானொலியோடு வீட்டில் நிற்கும். யார் எங்கே போகிறார்கள் என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று கணக்கு.

இரண்டாம் கலையகத்தில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அவ என்னைத்தான் கேட்டா.

"தங்கச்சி, என்ரை குரலை ஆராவது கேட்டினமெண்டா என்ரை கதை முடிஞ்சுது. என்னை விடுங்கோ, பிள்ளை ரியூசனாலை தனிய வாறவள். உறுதியா மாத்துவியளோ?"

"அக்கா, இந்த மைக்கிலை நீங்கள் கதைக்கிறது அந்தக் கம்பியூட்டருக்குள்ளை மட்டுந்தான் போகும். நானே இருந்து மாத்தித் தருவன். உங்கடை மகளுக்கே விளங்காது. நான் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லை நான் லேசில் சொல்கிறவள் இல்லை. அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

அவ கதைக்கத் தொடங்குமுன் ஷெரோனின் ஹெட்போனில் கரகரவென்று இரைச்சல் வந்தது. என்னைத் தேடியிருக்கிறாள், நான் கீழே மருந்துக்கடையில் பனடோல் வாங்கிக்கொண்டு நின்றேன். இங்கே எந்தப் பொருள் மக்கர் பண்ணினாலும் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே, நிறுத்தி மறுபடி போடுவது. ஷெரோன் பெட்டி அறைக்குப் போய் மின்விளக்கு மினுங்கிய பெட்டியை நிறுத்திப் போட்டாள். இரைச்சல் போய்விட்டது. காவல்காரன் இருந்த பெட்டி அதுதான், அவன் வேலைக்கு வந்துவிட்டான். இது எனக்குத் தெரியாது. ஷெரோனுக்குக் காவல்காரன் என்று ஒருவன் இருப்பதே சரியாகத் தெரியாது.

நேரமானபோது நான் முதலாம் கலையகத்தில் கிறகோரி அண்ணைக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கள் மூத்த அறிவிப்பாளர் அவர். தம்பியும் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் செத்துப்போனவர்கள், உடல்கள் கிடைக்கவில்லை. மே பதினெட்டு அறிவிப்பை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மணி ஒலி முடிந்ததும் மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

"இப்போது, எம்மை விட்டுப் பிரிந்த உறவுகளுக்காக மூன்று நிமிட அகவணக்கம்."

மைக்கைத் திறந்து மூடுகிற தள்ளுகட்டையான பேடரைக் கீழே இழுத்து மூடிவிட்டு எழுந்து, இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றித் தலையைக் குனிந்தார். கண்ணாடிக்கு அப்பால் மண்டபத்தில் செல்வரட்ணம் சேரும் மற்றவர்களும் நின்றார்கள். கீழே பலாலி வீதியில் பஸ் கூட நிற்கிற அமைதி.

சுவரில் ஒரு திரை இருக்கிறது. வானலைக்கு என்ன போகிறது என்று காட்டுவது. சத்தம் இருந்தால் பச்சைப் பட்டை எழும்பும், இல்லாவிட்டால் தரையில் படுத்துக் கிடக்கும். அது படுத்துக் கிடந்தது. போன வருஷத்துப் பாட்டை நினைத்து நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், போதும், இனி வராது என்று கண்ணை மூடப்போனேன்.

பட்டை எழும்பியது.

பாட்டு இல்லை என்று உடனே தெரிந்தது. பாட்டு என்றால் பட்டை ஒரே சீராகத் துள்ளும். இது எழும்பியது, விழுந்தது, நின்றது, திரும்ப எழும்பியது. ஆள் கதைக்கிற விதம். மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்து ஒரு காதில் வைத்தேன்.

"... தண்ணி மாறப் போனனான். வெங்காயத் தறைக்குப் பக்கத்திலை மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு நிண்டவங்கள்..."

இராசமலர் அக்காவின் குரல், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போன விடியப்புறத்துக் கதை. மாற்றாத குரல். ஒவ்வொரு வீட்டிலும் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு எழுந்து நிற்கிற நேரம். குண்டூசி விழுந்தால் கேட்கும் நேரம். கோப்பாயிலும் அப்படித்தானே நிற்பார்கள்.

அந்தக் கணத்தில் என் தலை எப்படி ஓடியது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். பெட்டி அறைக்கு ஓடலாம். கணினியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, காவல்காரனை நிறுத்துவதற்குள் அவ ஆளின் பெயரைச் சொல்லிவிடுவா. இரண்டாம் கலையகத்துக்கு ஓடலாம். மண்டபம் நிறைய ஆட்கள், இரண்டு கனத்த கதவுகள். அவ மூச்சு எடுத்ததும், "ரெண்டு பேரை எனக்குத் தெரியும். சின்னனிலை இருந்தே தெரியும். ஒருத்தன் எங்கடை..." என்றதும் காதில் விழுந்தது.

முதலாம் கலையகத்தில் ஒரு சத்தம் வந்தால் போதும். காவல்காரன் திரும்பிவிடுவான்.

நான் பேடரை மேலே தள்ளி மைக்கைத் திறந்தேன். என்ன சொல்வது என்று ஒன்றும் வரவில்லை. எட்டு வருஷமாக மைக்கைத் திறந்ததும் எது வாயில் வருமோ அதுதான் வந்தது.

"ஹலோ. ஹலோ. மைக் செக். ஒண்டு, ரெண்டு, மூண்டு."

கிறகோரி அண்ணை தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். கோபம்கூட இல்லை, நான் யார் என்றே தெரியாதவர் போலப் பார்த்தார். பிறகு பேடரை மூடக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவர் திரும்ப நீட்டினார். நான் என் உடம்பால் மறித்துக்கொண்டு எண்ணினேன். நிறுத்தினால் இருபது நொடியில் அவன் திரும்பவும் அங்கே தாவுவான். மைக் திறந்திருக்கும்போது காரணத்தைச் சொல்லவும் முடியாது. இரண்டாம் கலையகம் என்று ஒரு சொல் சொன்னால், அங்கே யார் இருந்தது என்று ஊர் தேடும்.

"ஏழு, எட்டு, ஒன்பது. ஹலோ."

எண்ணிக்கொண்டே பேனையைத் திறந்து என் உள்ளங்கையில் எழுதினேன். 'ஷெரோன்ரை மைக் வெளியிலை போகுது. ஓடுங்கோ.' கையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அந்தப் பெரிய மனிதர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினதைக் கண்ணாடியால் பார்த்தேன். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் செல்வரட்ணம் சேர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனை வரை எண்ணினேன் என்று தெரியாது. கிறகோரி அண்ணை திரும்பி வந்து கண்ணாடியில் தட்டி, நிறுத்தியாயிற்று என்று தலையசைத்ததும் பேடரை இழுத்து மூடினேன்.

மிச்ச அகவணக்கம் அமைதியாக நடந்தது. கிறகோரி அண்ணை உள்ளே வந்து, குனிந்து நின்று, நேரம் முடிந்ததும் ஒன்றும் நடக்காதது போல அடுத்த அறிவிப்பைச் செய்தார். பாட்டுப் போட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் செய்தனி எண்டு எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா இண்டைக்கு என்னோடை கதைக்காதை. என்னாலை ஏலாது."

வெளியே போனதைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். வானலைக்குப் போகும் எல்லாவற்றையும் ஒரு கணினி பதிந்து வைத்திருக்கும். பதினேழு நொடி. தோட்டம், வெங்காயம், மோட்டார் சைக்கிள், சின்னனிலிருந்தே தெரியும், ஒருத்தன் எங்கடை. அதோடு என் "ஹலோ". ஊர் இல்லை, ஆட்களின் பெயர் இல்லை. செல்வரட்ணம் சேருக்கு உயிர் வந்தது.

"அப்ப பிரச்சினை இல்லையே. தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு வரி சொல்லுவம்."

ஷெரோன் அழுதுகொண்டிருந்தாள். அகவணக்க நேரம் வந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் அப்போதுதான் அக்கா வாய் திறந்திருக்கிறா, இடையில் நிறுத்தினால் பிறகு கதைக்கமாட்டா என்று பயந்து விட்டிருக்கிறாள். பெட்டியை நிறுத்திப் போட்டதையும் அவளே சொன்னாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் சொல்ல நான்தான் போனேன், பொறுப்பு என்று சொன்னவள் நான்.

அவ சத்தம் போடவில்லை. கையில் இருந்த சீலைத்தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டா.

"என்ரை பேர் வந்ததோ?"

"இல்லை அக்கா."

"ஊர்?"

"இல்லை."

"குரல்?"

"வந்தது."

"எவ்வளவு?"

"கொஞ்சம். பதினேழு செக்கன்."

அவ கண்ணை மூடினா. "தங்கச்சி, எங்கடை அம்மன் கோயிலிலை இருபது வருசமா நான்தான் தேவாரம் படிக்கிறனான். ஸ்பீக்கரிலை. ஒழுங்கையிலை தவழுற பிள்ளைக்கும் என்ரை குரல் தெரியும். அவங்கள் ரெண்டு பேரும் சின்னனிலை என்னோடை சேர்ந்து தேவாரம் படிச்சவங்கள்தானே."

ஷெரோன், மகளையும் கூட்டிக்கொண்டு எங்காவது போய் இருங்கோ, வாகனம் பிடித்துத் தாறோம் என்றாள். அக்கா மாட்டேன் என்று தலையாட்டினா.

"இண்டைக்குப் பின்னேரப் பூசைக்கு நான் படிக்காட்டில் அதுவே காட்டிக் குடுக்கும். படிச்சாலும் காட்டிக் குடுக்கும். காலமை கேட்ட குரல் இதுதானே எண்டு நினைப்பினம். நான் எதைச் செய்யிறது?"

பின்னேரப் பூசைக்கு முன் அந்தக் குரலுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் இருந்தால் தேடமாட்டார்கள். கோளாறு என்று சொன்னால், அப்போ அந்தப் பொம்பிளை யார் என்றுதான் முதல் கேள்வி வரும்.

"அது என்ரை குரல் எண்டு சொல்லப்போறன்," என்றேன்.

செல்வரட்ணம் சேர் எவ்வளவோ சொன்னார். அவருக்கு வானொலியின் பெயர், எனக்கு அந்த ரியூசன் பிள்ளை. கடைசியில், "உன்னை வேலையாலை நிப்பாட்டச் சொல்லிச் சனம் கேட்கும், பிறகு என்னைக் குறை சொல்லாதை," என்று விட்டுவிட்டார். மதியச் செய்திக்கு முன் நானே மைக்கில் போய்ச் சொன்னேன். புதிய நாடகம் ஒன்றுக்குப் பழகிக்கொண்டிருந்தேன், நேரத்தைக் கவனிக்கவில்லை, மைக் திறந்திருந்ததும் தெரியவில்லை, பிறகு மைக்கையும் சோதித்துப் பார்த்தேன், எல்லாம் என் கவலையீனம், மன்னியுங்கள். என் பெயரையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. ஏச்சு வாங்கிப் பழகியவள்தான் நான். ஆனால் அன்றைக்கு வந்த ஏச்சு எல்லாம் நியாயமான ஏச்சு. ஒரு அம்மா ஏசவே இல்லை. "மூண்டு பிள்ளையளைக் குடுத்திட்டு நிக்கிறன். நீ செத்தவையை எண்ணிக் காட்டினியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டா. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அப்படி இல்லை அம்மா என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

ஏசுகிறவர்களுக்கு நான் பயப்படவில்லை. வெட்டினவர்களில் ஒருவன் ஏசாமல் அழைப்பு எடுப்பான் என்று காத்திருந்தேன். இராசமலர் அக்காவை ஷெரோன் நாலு மணிக்கு முன்னமே பின்படியால் இறக்கி அனுப்பிவிட்டாள்; வழமைபோல பஸ்ஸில் போவதுதான் நல்லது என்று அவவே சொன்னா. நான் அந்தப் பதினேழு நொடியையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எங்கே மூச்சு எடுக்கிறா, எந்தச் சொல்லை இழுக்கிறா, எங்கே குரல் கீழே போகிறது. வாயசைத்துப் பழகினேன். போனில் போவது பாதிக் குரல்தான். மேல் சத்தமும் அடிச் சத்தமும் வெட்டுப்பட்டுத்தான் மறுபக்கம் போகும். அந்தப் பாதியை மட்டும் பிடித்தால் போதும். நான் படித்த படிப்பில் அன்றைக்கு என்னைத் தாங்கியது அது ஒன்றுதான்.

நாலரை இருக்கும். அவன் எடுத்தான். இளம் குரல், மரியாதையான குரல். பின்னால் காற்று இரைந்தது, வெளியில் எங்கோ நிற்கிறான்.

"நாடகம் பழகின அக்காவோ கதைக்கிறது?"

"ஓம். நிரோஜினி."

"நல்லா இருந்தது அக்கா. உண்மையா ஒராள் சொல்லுற மாதிரியே இருந்தது."

"நன்றி."

"ஆனா இப்ப கதைக்கிற குரல் வேறையாக் கிடக்கே."

"நாடகத்துக்குக் குரலை மாத்துறதுதானே தம்பி. தோட்டக்காரப் பொம்பிளை வேசம்."

"ஒருக்கா கதைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

கேட்டவிதத்தில் ஒரு அதட்டலும் இல்லை. கண்ணை மூடி, இராசமலர் அக்கா கதிரையின் நுனியில் இருந்த இருப்பை நினைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தொண்டைக்குள் இறக்கினேன்.

"தண்ணி மாறப் போனனான். வெங்காயத் தறைக்குப் பக்கத்திலை மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு நிண்டவங்கள். ரெண்டு பேரை எனக்குத் தெரியும். சின்னனிலை இருந்தே தெரியும்."

அவன் யாரிடமோ போனைப் பொத்திக்கொண்டு ஏதோ கதைத்தான். பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான்.

"ஒருத்தன் எங்கடை எண்டு சொல்லி நிப்பாட்டினியள். எங்கடை ஆர்?"

"எங்கடை மாமான்ரை மகன்," என்றேன். "காணிச் சண்டைக் கதை தம்பி. மாமான்ரை பெடியள் வந்து ராவோடை ராவா வேலியை எங்கடை காணிக்குள்ளை அரக்கிப் போட்டுட்டுப் போறாங்கள்."

அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தது போலத்தான் இருந்தது. காணியும் வேலியும் சண்டையும் என்றால் இங்கே நம்பாதவர்கள் இல்லை.

"அப்ப சரி. எந்த ஊர் அக்கா நீங்கள்?"

"மானிப்பாய்."

"மானிப்பாயிலை எவடம்?"

பொய் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. பொய் இடம் சொன்னால் போய்ப் பார்ப்பார்கள். அங்கே நிரோஜினி என்று ஒருத்தி இல்லையென்றால் நாடகமும் பொய், மாமாவின் மகனும் பொய் என்று ஆகிவிடும். பிறகு இன்னொரு தடவை யோசிப்பார்கள், யோசித்தால் கோப்பாய்க்குத்தான் வருவார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அங்கே கோயில் மணி அடிக்கும், அக்கா ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பா. நான் உண்மையைச் சொன்னேன். எந்த ஒழுங்கை, எத்தனையாவது வீடு, வாசல் படலைக்குப் பக்கத்தில் என்ன மரம் என்று கேட்க முன்னமே சொன்னேன்.

"நல்லது அக்கா. நாடகம் போடேக்கை சொல்லுங்கோ, கேட்கோணும்," என்றுவிட்டு அவன் வைத்தான்.

நான் உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வீட்டில் அவ தனிய. அப்பா போய் நாலு வருஷம், அண்ணை கனடாவில்.

"அம்மா, போய்ப் படலையைப் பூட்டுங்கோ."

"பொழுதுபட முன்னம் ஆரடி படலை பூட்டுறது? பால் கொண்டு வாறவ வருவா."

"இண்டைக்குப் பால் வேண்டாம். பூட்டுங்கோ."

"றேடியோவிலை உன்னைக் கேட்டனான். நாங்கள் உன்னை அப்பிடியோ வளர்த்தனாங்கள்? முன்வீட்டுக்காரி வந்து கேட்டிட்டுப் போறாள், எனக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்கு."

"வந்து சொல்லுறன் அம்மா. போனை வையாமல், கதைச்சுக்கொண்டே போய்ப் பூட்டுங்கோ."

அவ புறுபுறுத்துக்கொண்டு எழும்பினா. செருப்பு நிலத்தில் தேய்கிற சத்தம் கேட்டது. விறாந்தை, படி, முற்றத்து மணல். நடக்க நடக்க ஏசிக்கொண்டே போனா, செத்தவர்களுக்கு ஒரு மரியாதை இல்லையா, உனக்கு இதயம் இல்லையா என்று. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். ஒழுங்கைப் பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் வருகிற சத்தம் மெல்லக் கேட்டது. எந்த நாளும் எத்தனையோ மோட்டார் சைக்கிள் அந்த ஒழுங்கையால் போகிறதுதான்.

"கெதியாப் பூட்டுங்கோ அம்மா," என்றேன்.